முயல் படம் போட்ட டப்பா

முகத்தில் பூசுகிற சாமான் எதையும் நான் நிம்மதியாகத் திறந்ததில்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் ராமநாதபுரத்தில் பார்லர் வைத்து, சுத்துப்பட்டுக் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் அலங்காரம் செய்தவள் இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். டப்பாவைத் திறக்கும்போது அரிக்குமோ என்று பயம். பூசி முடித்ததும் பொண்ணு அழுதுவிடுமோ என்று பயம். மணவறையில் உட்கார்ந்ததும் வேர்த்து வழியுமோ என்று பயம். நம்ம பக்கத்து வெயிலில் இந்த மூன்றாவது பயம் மட்டும் ஒரு கல்யாணத்திலும் பொய்யாகவில்லை.

இப்போது தொழிலுக்கு வந்திருக்கிற உங்களுக்குப் பூசுகிற வேலையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்திருக்கும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான். "இது எதுல செஞ்சதுக்கா?" என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண் கேட்பாளே, அந்தக் கேள்வி.

அதற்கு மதுரையில் எனக்குத் தொழில் பழக்கிய பார்லர்காரம்மா ஒரு பதில் வைத்திருந்தார். "யாராச்சும் கேட்டா மூலிகைன்னு சொல்லு. மேல கேட்டா வெளிநாட்டு மூலிகைன்னு சொல்லு. அதுக்கு மேல இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல." அவரிடம் நான் கற்றுக்கொண்டதிலேயே அதிக நாள் உழைத்த வித்தை அதுதான். கீழக்கரைக்கு ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவரை பழுதில்லாமல் ஓடியது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மணப்பெண்ணின் அக்கா ஒருவர், வீடே அவரை லாத்தா என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். என் கையிலிருந்த லிப்ஸ்டிக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பன்னிக் கொழுப்பு இருக்கா?"

வெளிநாட்டு மூலிகை தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள், பயம். இவர் சாமி மேல் சத்தியம் கேட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பயந்துவிட்டேன்.

"தெரியாது லாத்தா."

"பூசுற ஒனக்கே தெரியாதா?"

"டப்பாவுல எழுதியிருக்கும். எனக்கு அம்புட்டு வாசிக்க வராது."

லிப்ஸ்டிக்கை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குத் தலையும் பூவும் மட்டும் செய்தேன். உதட்டுச் சிவப்பை வெற்றிலை பார்த்துக்கொண்டது. கீழக்கரைப் பக்கம் இனி நமக்கு வேலையில்லை என்று பஸ்ஸில் முழு வழியும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அடுத்த கல்யாணத்துக்கு அதே வீட்டில் கூப்பிட்டார்கள். "தெரியாததைத் தெரியாதுன்னு சொன்ன ஒரே ஆளு நீதான் புள்ள" என்றார் லாத்தா. நான் பூரித்துப்போக இடம் கொடுக்காமல், "ஆனா அதையே எத்தனை வருசத்துக்குச் சொல்லுவே?" என்றும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டு ஆண்கள் வெளிநாட்டிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. என் தெரியாமை அப்படியே இருந்தது. சாமான் மட்டும் உசந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓட்டிவிட்டேன். கடையை மூடுவதற்கு ஒன்றிரண்டு வருஷம் இருக்கும்போது வாசுகி வந்தாள்.

உப்பூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம் அவளுக்கு. நெல்லும் மிளகாயும் போடுகிற சம்சாரி வீடு, ஆட்டுக்கிடையும் உண்டு. பெண் மருந்துப் படிப்புப் படித்து சென்னையில் வேலை பார்த்தாள். கல்யாணத்தை ராமேஸ்வரத்தில் வைப்பதாக அவள் அப்பா, அவளுக்கு அய்யா, நேர்ந்திருந்தார். முகூர்த்தம் அங்கே மண்டபத்தில். கறி விருந்து பிறகு ஊரில். என்னைப் பார்க்க வந்த அன்று அம்மா முத்துராக்கும் கூட வந்தாள். அய்யா உள்ளே வரவில்லை. பெண்கள் கடைக்குள் கால் வைப்பானேன் என்று வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளே பேசுவதை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு வீகன் மேக்கப் வேணும்" என்றாள் வாசுகி.

"அது எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லக்கா. மிருகத்துக்கிட்டருந்து எடுத்தது எதுவும் உள்ள இருக்கக் கூடாது. அதுபோக, மிருகத்து மேல பூசிச் சோதிச்சுப் பார்த்ததாவும் இருக்கக் கூடாது. ரெண்டும்."

முத்துராக்குக்கு அந்த இரண்டாவது பிடிக்கவில்லை. "சோதிச்சுப் பார்க்காததா? அப்ப யாரு மேலத்தா சோதிப்பாக? கல்யாணத்தன்னைக்கு ஒம் மேலயா?"

எனக்கும் அதே கேள்விதான். கேட்கத் தைரியமில்லாததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஏற்கெனவே சோதிச்சு வச்ச சாமானைக் கொண்டே செய்யலாம்மா. கண்ணாடிக் குழாய்ல வச்சுப் பார்க்கிற முறையும் இருக்கு. அதுக்கு மேல, காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்தா நமக்கு ஒத்துக்குமான்னு தெரிஞ்சுபோகும்" என்றாள். சொல்லிக்கொண்டே என் பெட்டியை இழுத்து வைத்து ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

என் பெட்டியில் ஒரு மிருகக்காட்சிசாலையே இருந்திருக்கிறது. சில லிப்ஸ்டிக்குச் சிவப்பு, கள்ளிச்செடியில் ஒட்டியிருக்கிற பூச்சியை நசுக்கி எடுப்பதாம். மினுக்குகிற நகப்பூச்சில் மீன் செதிளிலிருந்து எடுத்த மினுமினுப்பு சேர்ப்பது உண்டாம். கிரீமில் செம்மறியாட்டு ரோமத்து எண்ணெய். பல பிரஷ்களில் ஆட்டு முடி. நான் பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று உயிராக வைத்திருந்த கன்னத்துப் பிரஷ்ஷை அவள் விரலில் தேய்த்துப் பார்த்து, "இது அணில் முடிக்கா" என்றாள்.

வாசலிலிருந்து அய்யாவின் குரல் வந்தது. "ஆத்தா, ஆட்டைத் திங்கலாம். அது மயிரை வச்சு மூஞ்சியைத் தடவக் கூடாதா? இது என்ன சட்டம்?"

"நான் திங்கிறதில்லய்யா."

"நீ திங்கல. ஒன் கல்யாணத்துக்கு வாரவன் திம்பான்ல? அவனுக்கு மூலிகையா போடச் சொல்ற?"

அவள் சிரித்தாள். கோபப்படுவாள் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்குத் தெரிந்து கொள்கைக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். கொஞ்சம் தைரியம் வந்து, "ஏம்மா இப்படி?" என்று கேட்டேன்.

படிக்கும்போது ஒரு சோதனைக்கூடத்தில் கொஞ்ச நாள் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். அங்கே முயல்களை வரிசையாகப் பெட்டியில் அடைத்து, கழுத்தை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். கையை முகத்துக்குக் கொண்டுவர முடியாது. சோதிக்கிற சாமானைக் கண்ணில் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள், எவ்வளவு சிவக்கிறது என்று. "முயலுக்குக் கண்ணீர் ரொம்ப வராதுக்கா. விட்டது கரைஞ்சு போகாம அப்படியே நிக்கும். அதுக்காகத்தான் முயல். மூடிக்காம இருக்க இமைக்குக் கிளிப் போட்டிருந்தாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது முத்துராக்கு எதையோ மறந்துவிட்ட மாதிரி திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பார்லரம்மா, அவ சொல்றதெல்லாம் கேட்டுக்கிருங்க. ஆனா எம் பிள்ளை வெளுப்பாத் தெரியணும். நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளையோட அம்மா, பொண்ணு மூஞ்சி மங்கலா இருக்கேன்னு சபையில சொல்லிட்டுப் போனாக. அன்னையிலருந்து எனக்குச் சோறு இறங்கல. முகூர்த்தத்துல இன்னொரு தடவை அந்தச் சொல்லு வந்துச்சுன்னா, அந்த வீட்டுல அவ காலம் பூரா அதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கணும்."

மகளுக்கு முயல் கவலை, அம்மாவுக்கு மாமியார் கவலை. இரண்டையும் என் தலையில் வைத்துவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

மதுரைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "மிருகமே இல்லாததா? எல்லாமே ஹெர்பல்தாங்க மேடம்" என்று ஒரு செட் அனுப்பினார். அட்டை முழுக்கப் பச்சை இலை. அவள் சொல்லியிருந்த பூச்சிச் சிவப்பின் இங்கிலீஷ் பேரை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டப்பாவிலும் எழுத்துக்கூட்டித் தேடினேன். அந்தப் பேர் எதிலும் இல்லை. என் முழங்கையிலும் காதுக்குப் பின்னாலும் எல்லா நிறத்தையும் பூசிப் பார்த்தேன். கடைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து எங்கே விழுந்தீர்கள் என்று விசாரித்தார்கள்.

ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று லாத்தாவிடமும் சொல்லி வைத்திருந்தேன். அவருடைய மருமகன் அப்போது லண்டனில். "மிருகம் கலக்காத சாமான்தானே, சொல்லிவிடுறேன்" என்றவர், சொன்னபடியே யார் மூலமாகவோ ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். ஆசையாகப் பிரித்தேன். மூடியிலேயே ஒரு முயல் படம் போட்டிருந்தது.

அன்று நான் பட்ட கலக்கத்தை என்ன சொல்ல. இவ்வளவு பெரிய லண்டனில் முயலைத் தவிர வேறு மிருகமே கிடைக்கவில்லையா? பெட்டியில் மீன் செதிளும் அணில் முடியும் இருந்தது தெரிந்த பிறகு, முயல் படம் போட்ட டப்பாவுக்குள் முயல் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மருமகன் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். லாத்தாவிடம் கேட்டால் மருமகனைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். கேட்காமலே விட்டேன். கல்யாணத்துக்குப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒரு சாமானை விட்டுவிட்டுப் போனால் அதுதான் தேவைப்படும் என்று பயப்படுகிறவள் நான். பெட்டியின் அடியில் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்தேன். அணில் பிரஷ்ஷும் அந்தத் துண்டுக்குக் கீழேதான் கிடந்தது. பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும், ராமேஸ்வரத்துக்குள்ளேயே அணில் முடியைக் கொண்டுபோகிறோமே, இங்கேயே கடலில் போட்டுவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் பயந்து அப்படியே கொண்டுபோய்விட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்து மாடி அறை. வாசுகி குளித்து, பட்டுக் கட்டி, தலை அலங்காரமும் முடிந்து உட்கார்ந்திருக்கிறாள். கீழே நாதஸ்வரம் சரிபார்க்கிற சத்தம். நான் இலை போட்ட செட்டை எடுத்து, ஏதோ நானே செய்த மாதிரி பெருமையாக அவள் முன்னால் வைத்தேன். அவள் லிப்ஸ்டிக்கைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் கடுகளவு எழுத்தில் இருந்ததைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள்.

"அக்கா, 75470 போட்டிருக்கே."

"அது என்ன, விலையா?"

"பூச்சிச் சிவப்புதான்க்கா. எல்லாரும் பேரைப் போட மாட்டாங்க. நம்பராப் போட்டுருவாங்க."

அந்த ஒரு நம்பரை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். என் போன் நம்பரே எனக்கு மறந்துபோகும், அது மறக்காது.

பவுடர் டப்பாவை எடுத்தாள். அதில் சோதனையைப் பற்றி எதுவுமே எழுதவில்லை. "இலைப் படம் யார் வேணாலும் போடலாம்க்கா. அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல" என்று மூடி வைத்தாள். கோபமில்லை. என்னைத் தட்டிக்கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். "பரவால்ல, விடுங்க. மூஞ்சியைக் கழுவிட்டுப் பொட்டு மட்டும் வச்சுக்கிறேன்."

நான் கலங்கியதை விட முத்துராக்கு கலங்கினாள். முகம் துடைக்கத் துணி வேண்டும் என்று சாக்குச் சொல்லி என்னை அறைக்கு வெளியே இழுத்துவந்தாள். என் பெட்டியும் அவள் கையோடு வந்துவிட்டது. வராந்தாவில் வைத்து அவளே துழாவ ஆரம்பித்தாள்.

"இதுல வேற ஒண்ணுமே இல்லையா?"

துண்டை விலக்கினாள். முயல் டப்பா வெளியே வந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே அரக்குச் சிவப்பில் ஒரு லிப்ஸ்டிக், கண்ணுக்கு எழுதுகிற கறுப்பு மை, ஒரு பவுடர், வெள்ளை முடியில் ஒரு பிரஷ். அந்தச் சிவப்பு வாசுகியின் பட்டுக்கென்றே கலந்த மாதிரி இருந்தது.

"இம்புட்டு நல்லதை உள்ள வச்சுக்கிட்டா பொட்டு மட்டும் வைக்கப் பார்த்தீக?"

"மூடியைப் பாருங்க. முயலு."

முத்துராக்கு மூடியைப் பார்த்தாள். முகம் சுண்டியது. அந்த வெள்ளைப் பிரஷ்ஷை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான். முயல் முடி.

அவள்தான் முதலில் பேசினாள். "டப்பாவை இங்கன வச்சிருவோம். குச்சியை மட்டும் உள்ள கொண்டாங்க. கண்ணை மூடச் சொல்லுங்க, பூசிருங்க. கேட்டா, அடியில இன்னொண்ணு இருந்துச்சு, அதுல ஒண்ணும் இல்லன்னு சொல்லிருங்க."

"அது தப்பு இல்லையா?"

"தப்புதான். எனக்கும் தெரியும். கீழ அந்தம்மா வந்து உக்காந்தாச்சு. பூசாம எம் பிள்ளை படியிறங்கி வந்தா, அது என்ன பேச்சுப் பேசும்னும் எனக்குத் தெரியும். எந்தப் பாவம் பெருசுன்னு நீங்களே சொல்லுங்க." அவள் கண் கலங்கியிருந்தது. கீழே மாப்பிள்ளை வீட்டார் பேச்சுச் சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் நான் ஒரு பெரிய முடிவெடுத்ததாக எழுதினால் நன்றாக இருக்கும். நான் எடுக்கவில்லை. பயப்படுகிறவர்கள் பொதுவாக யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதைச் செய்வார்கள். லிப்ஸ்டிக்கையும் மையையும் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"வேற ஒண்ணு இருக்கும்மா. கண்ணை மூடு, முதல்ல மை எழுதிருவோம்."

வாசுகி என்ன ஏது என்று கேட்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். கை இரண்டும் மடியில் கிடந்தன.

தினமும் பார்க்கிறதுதான். முப்பது வருஷமாக எத்தனையோ பெண்கள் என் முன்னால் அப்படித்தான் கண்ணை மூடியிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற முயல்தான் ஞாபகம் வந்தது. மைக் குச்சி நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிற கையோடு கண்ணோரத்தில் கோடு போட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆக, தொழில்ரீதியாகப் பார்த்தாலும் எனக்கு வேறு வழியில்லை.

"கண்ணைத் தொறம்மா" என்றேன். "இதுல முயல் இருக்கு."

முத்துராக்கு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

வாசுகி கண்ணைத் திறந்தாள். "முயலா?"

"மூடியிலேயே படம் போட்டிருக்கு. ஒனக்குத் தெரியாமப் பூசிரலாம்னு பார்த்தோம். என்னால முடியல."

"டப்பாவைக் கொண்டாங்க."

வராந்தாவிலிருந்து முத்துராக்கே எடுத்துவந்து கொடுத்தாள், தலையைக் குனிந்துகொண்டு. வாசுகி மூடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஜடையில் வைத்த பூவெல்லாம் ஆடுகிற அளவுக்குச் சிரிப்பு.

"அக்கா, இது முயலுக்குக் கஷ்டம் குடுக்கலன்னு போடுற முத்திரைக்கா. நான் மெட்ராஸ் பூரா தேடிக்கிட்டிருந்த படம் இது. இதைப் போய்த் துண்டுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"அப்ப அந்த வெள்ளை முடி?"

"நைலான்க்கா."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிமிஷம் எனக்குப் பட்டது இதுதான். நான் சொல்லாமல் பூசியிருந்தால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவள் கேட்ட சாமானையே அவள் முகத்தில் பூசியிருப்பேன். ஏமாந்தவளே இல்லாமல் நான் மட்டும் ஏமாற்றுக்காரியாக ராமேஸ்வரத்திலிருந்து திரும்பியிருப்பேன். அப்படியும் ஒரு தப்புச் செய்ய முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கதை அதோடு சுபமாக முடியவில்லை. வாசுகி டப்பாவைத் திருப்பி, பின்னால் இருந்ததைப் படித்தாள். சிரிப்பு மெதுவாக நின்றது.

"லிப்ஸ்டிக்குல மட்டும் தேன் மெழுகு இருக்கு."

"முயல் படம்தான் போட்டிருக்கே?"

"முயல் படம்னா சோதிக்கலன்னு மட்டும்தான்க்கா அர்த்தம். உள்ள மிருகத்துச் சாமான் இருக்கா இல்லையாங்கிறது வேற கேள்வி. அதைத் தனியாப் படிச்சுத்தான் பார்க்கணும்."

அப்போதுதான் எனக்கு அவள் முதல் நாள் சொன்ன 'ரெண்டும்' புரிந்தது. உங்களிடம் வருகிற பெண் ஒன்றைக் கேட்டு நீங்கள் இன்னொன்றைக் கொடுத்துவிடாதீர்கள். முயலைப் பற்றிக் கேட்கிறாளா, மெழுகைப் பற்றியா, இரண்டையுமா என்று முதலில் கேளுங்கள். தெரியாவிட்டால் டப்பாவை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கீழே யாரோ பெண்ணைக் கூட்டிவரலாமா என்று குரல் கொடுத்தார்கள். முத்துராக்கு மகள் பக்கத்தில் போய் நின்றாள். கெஞ்சுகிற குரலும் இல்லை, அதட்டுகிற குரலும் இல்லை.

"ஏத்தா, தேன் கூட்டை எடுக்கையில ஒங்கய்யா எந்த ஈயையும் கொல்லலத்தா. அதுகதான் ஒங்கய்யாவைக் கொல்லப் பார்த்துச்சுக. ஒரு வாரம் மூஞ்சி எது, தலை எதுன்னு தெரியாமக் கிடந்தாக, ஞாபகம் இருக்கா?"

வாசுகிக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. லிப்ஸ்டிக்கை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"சரி. இன்னைக்கு ஒரு நாள், உதட்டுக்கு மட்டும், ஒனக்காக. ஆனா தெரிஞ்சு போட்டுக்கிறேம்மா. தெரியாமப் பூசிவிட்டிருந்தீங்கன்னா, அதை எப்ப தெரிஞ்சிருந்தாலும் ஒன்னைய மன்னிச்சிருக்க மாட்டேன்."

"நானா பூசப் போனேன், பார்லரம்மால்ல பூசப் போனாக" என்றாள் முத்துராக்கு. அந்த நேரத்திலும்.

பவுடர்தான் மிச்சப் பிரச்சினை. லண்டன் பவுடர் லண்டன்காரர்களின் நிறத்துக்குச் செய்தது. வாசுகியின் மாநிறத்துக்கு மேல் பூசினால் மாவு கொட்டின மாதிரி இருக்கும். மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் தெரியாமல் இருக்க ஒரு ஒற்று ஒற்றி, மிச்ச முகத்தை அதன் சொந்த நிறத்திலேயே விட்டேன். கண்ணுக்கு மை, உதட்டுக்கு அந்த அரக்கு. அவ்வளவுதான். கொண்டுபோன பெட்டியில் முக்கால்வாசி திறக்கவே இல்லை. வெளுப்பு இருக்கும் என்று நம்பியிருந்த முத்துராக்கு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. கூட்டிப்போகக் கீழேயிருந்து யாராவது பெண்கள் வருவார்கள் என்று நினைத்தோம். மாப்பிள்ளையின் அம்மாவே வந்து நின்றார். கூடவே அவர் மகள், முகம் முழுக்கச் சுண்ணாம்பு வெளுப்பாகப் பூசிக்கொண்டு. அந்தம்மா வாசுகியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"என்னம்மா, இன்னும் மேக்கப்பே ஆரம்பிக்கலையா? நேரமாச்சே."

நான் இந்தத் தொழிலில் வாங்கிய பாராட்டிலேயே அதுதான் பெரியது. அவர் குறையாகத்தான் சொன்னார். நான் அதை அப்போது பாராட்டாக எடுத்துக்கொண்டேன் என்றும் நினைக்காதீர்கள். மைக் குச்சியை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"முடிஞ்சிருச்சு அத்தை" என்றாள் வாசுகி.

அந்தம்மா பக்கத்தில் வந்து அவள் தாடையைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"நிச்சயத்தன்னைக்கு மூஞ்சியில எதைத்தான் அப்பியிருந்தே? சாம்பலைப் பூசின மாதிரி மங்கலா. அன்னைக்கே சொன்னேன், ஒருத்தருக்கும் காதுல விழுகல." தன் மகள் பக்கம் திரும்பினார். "நீயும் போய்க் கழுவிட்டு வா."

அந்த வெளுப்பு முத்துராக்கின் யோசனைதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நிச்சயத்துக்கு உறவுக்காரப் பெண் ஒருத்தியை உட்காரவைத்து, இன்னும் பூசு, இன்னும் பூசு என்று நின்றது அவள்தானாம். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை எம் பிள்ளைக்கிட்டச் சொல்லிராதீக" என்றாள். ஒரே காலையில் இரண்டு விஷயத்தை மறைக்கச் சொன்ன ஆள் அவள் ஒருத்திதான். இதை மட்டும் மறைத்தேன்.

ஊர் திரும்பியதும் லாத்தாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "டப்பாவைப் பார்த்ததும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கிறதுக்கு என்ன புள்ள?" என்றார். கேட்கத்தான் பயம் என்று சொல்லவும் பயமாக இருந்தது. அணில் பிரஷ்ஷை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. இன்னும் துண்டுக்குள்தான் இருக்கிறது.

உங்கள் காலத்தில் டப்பா மேல் முயல் இருக்கும், இலை இருக்கும், இன்னும் என்னென்னவோ வரும். எனக்குத் தெரிந்ததைவிட நீங்கள் நன்றாகவே படிப்பீர்கள். எனக்குக் கவலை அதில் இல்லை. அன்றைக்கு முத்துராக்கு மெழுகுக்குச் சமாதானம் சொல்லி, வாசுகி சரி என்ற பிறகு, நான் மறுபடியும் மைக் குச்சியை எடுத்தேன். "கண்ணை மூடும்மா" என்றேன். கொஞ்ச நேரம் முன்னால்தான் ஏமாற்றப் பார்த்தோம் என்று நானே அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவள் ஒரு கணம்கூடத் தயங்காமல் மூடிக்கொண்டாள்.

அந்த முயலுக்குக் கண்ணைத் திறந்து வைக்க ஒரு கிளிப் வேண்டியிருந்தது. நம்மிடம் வருகிறவர்கள் மூடிக்கொள்ள நாம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.